பஞ்சுக்கு உட்கரு கிடையாது

அந்த ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் நுண்ணோக்கிகள் நான்கு இருந்தன. பார்க்கிறவர்கள் ஒன்றரைப் பேர். ஒன்று, அவள். அரை, அவளுக்கு மேலே தலைமை ஆய்வாளராக உட்கார்ந்திருந்தவர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். அவரை ஏன் அரையாகக் கணக்கில் வைத்தாள் என்றால், அவர் நுண்ணோக்கியில் கண்ணை வைப்பார், ஆனால் பார்க்கமாட்டார். கண் அங்கே இருக்கும்போதே கை இங்கே எழுதி முடித்திருக்கும். டாக்டர்கள் மாதிரியோடு ஒரு சீட்டு அனுப்புவார்கள். இன்ன நோயாக இருக்குமா என்று அதில் கேட்டிருப்பார்கள். 'பாக்டீரியா?' என்று சீட்டில் இருந்தால் இவர் 'பாக்டீரியா' என்று எழுதுவார். கேள்விக்குறியை எடுத்துவிடுவதுதான் அவர் செய்கிற பரிசோதனை.

அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ஈயடிச்சான் என்று பெயர். அது அவருக்கும் தெரியும். வருத்தமெல்லாம் இல்லை. "டாக்டர் சொன்னதுக்கு மாத்தி எழுதி நான் என்ன டாக்டராவா ஆகப் போறேன்?" என்பார். டாக்டர்களுக்கும் அவரை மிகவும் பிடிக்கும். தங்களுடைய ஊகம் முத்திரை குத்தித் திரும்பி வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

அவளை அவர் 'பட்டதாரி' என்று கூப்பிடுவார். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவள் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ சொல்லித் தொலைத்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டார். "பட்டதாரி, ஜன்னலச் சாத்து." "பட்டதாரி, டீ வந்துச்சா பாரு." பட்டத்தை அவள் மடியில் கட்டிக்கொண்டு அலைகிற மாதிரி. அவளுடைய அப்பா தெருமுனையில் துணி தேய்க்கிறவர். ஊர்ச் சட்டைகளின் சுருக்கத்தையெல்லாம் எடுத்து அவளைப் படிக்க வைத்த மனுஷர். அந்தப் பட்டத்தை இந்த ஆள் வாயில் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் காது கூசியது. ஆனாலும் டீ வந்ததா என்று போய்ப் பார்த்தாள். வேலை தற்காலிகம், நிரந்தரம் ஆக்கச் சொல்லும் கோப்பு மேலே போயிருந்தது. மாதக் கடைசியில் கையெழுத்து ஆகிவிடும் என்று பேச்சு.

செவ்வாய்க்கிழமை காலை கண் வார்டு நர்ஸ் இரண்டு சிலைடுகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பஞ்சுக்குச்சி ஸ்டாக் இல்லக்கா. டூட்டி டாக்டர் பிளேடாலயே புண்ணச் சுரண்டி எடுத்துட்டாரு. ரெண்டுலயும் தடவியிருக்கு."

சீட்டைப் பார்த்தாள். பெண். வயது ஐம்பத்தாறு. தோட்ட வேலை. செடி வெட்டும்போது குச்சி தெறித்து வலது கருவிழியில் புண். பதினாறு நாள். பாக்டீரியா? அதற்குக் கீழே பெரிய டாக்டரின் சிவப்பு மை: மருந்துக்குக் கட்டுப்படவில்லை. வியாழன் காலை கண் அகற்றம்.

அகற்றம். குப்பை அகற்றம், ஆக்கிரமிப்பு அகற்றம் என்கிற வரிசையில் ஒரு மனுஷியின் கண். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்குப் பத்து முறை அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்கெல்லாம் மாதிரி காத்திருக்காது. ஒரு சிலைடை எடுத்து வழக்கமான ஊதா, சிவப்புச் சாயங்களை ஏற்றிப் பார்த்தாள். சீழ் செல்கள் குவிந்து கிடந்தன. பாக்டீரியா ஒன்றுகூட இல்லை. நடுநடுவே நூல் நூலாக என்னவோ.

கை தன்னால் 'பஞ்சு நூல்' என்று எழுதப் போனது. அங்கே எல்லாக் கைகளுக்கும் பழகிப்போன இரண்டு சொற்கள் அவை. புண்ணைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்தால் இரண்டு நூல் ஒட்டிக்கொண்டு வராமல் இருக்காது. யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. 'ப' எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. குச்சியே இல்லாத நாளில் பஞ்சு எங்கிருந்து வந்தது?

"சார், இதக் கொஞ்சம் பாருங்க."

"என்னது?"

"நூலு."

"பஞ்சு."

"நீங்க இன்னும் பாக்கவே இல்ல சார்."

"பத்தொன்பது வருஷமா பஞ்சு, பட்டதாரி. இன்னைக்கு மட்டும் பட்டாயிடுமா?"

"குச்சி ஸ்டாக் இல்லயாம். பிளேடால எடுத்தது."

ஈயடிச்சான் ஒரு நிமிஷம் யோசித்தார். அவருக்கு அறிவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தது. தப்பித்துக்கொள்ள எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. "கண்ணுல கட்டுப் போட்டிருக்காங்கல்ல? கட்டுல பஞ்சு இருக்கில்ல? உதிர்ந்திருக்கும்," என்றார்.

"பூஞ்சையா இருந்தா?"

"பூஞ்சைன்னா தட்டுல முளைச்சிருக்கணும். மூணு தடவ சீழ எடுத்துத் தட்டுல வளர்க்கப் போட்டோம், ஒண்ணும் வரலையே."

"ரெண்டாம் நாளே தட்டக் கழுவிட்டா எப்படி சார் வரும்? அதுக்கு நாலஞ்சு நாள், ஒரு வாரம்கூட ஆகும்."

"பாக்டீரியாவுக்கு ரெண்டு நாள் போதும். சீட்டுல பாக்டீரியான்னுதான கேட்டிருக்கு?"

இதற்கு மேல் அவரோடு பேசுவது சுவரில் ஆணி இல்லாமல் படம் மாட்டுகிற வேலை. பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் 'ரெண்டும் கிருமி' என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரிப்பார். பாக்டீரியா என்பது தடுப்பே இல்லாத ஒற்றை அறை. அதன் மரபுச்சரடு அறையின் நடுவில் சும்மா சுருண்டு கிடக்கும். சுற்றி ஒரு சவ்வுகூட இருக்காது. பூஞ்சை அப்படியல்ல. அதன் செல்லுக்குள் உட்கரு உண்டு, மரபுச்சரட்டை அதற்குள் வைத்து இரட்டைச் சவ்வு போட்டு மூடியிருக்கும். உணவை எரித்துச் சக்தி எடுக்கத் தனியாக மைட்டோகாண்ட்ரியா, சரக்கை மடித்துப் பொட்டலம் கட்டி அனுப்பத் தனி அடுக்குகள், உள்ளே எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கச் சாரம் கட்டிய மாதிரி புரத இழைகள். மனுஷனின் செல்லிலும் இதே வீட்டமைப்புதான். வேலியில் நிற்கிற செடியிலும் இதேதான். உட்கரு வைத்துக் குடித்தனம் செய்கிற எல்லாவற்றுக்கும் யூகேரியோட் என்று ஒரே குடும்பப் பெயர்.

ஆக, பாக்டீரியா நமக்கு அன்னியன், பூஞ்சை பங்காளி. பாக்டீரியாவுக்கென்று செய்த மருந்து, அன்னியனிடம் மட்டும் இருக்கிற சுவரையும் இயந்திரத்தையும் பார்த்து அடிக்கும். நம்மிடம் அவை இல்லை, அதனால்தான் நாம் அந்த மருந்தைத் தின்றும் பிழைக்கிறோம். பூஞ்சையிடமும் அவை இல்லை. வீட்டு ஆள் என்று நினைத்து மருந்து அதைத் தாண்டிப் போய்விடும். அந்த அம்மாவின் கண்ணில் இருப்பது பூஞ்சை என்றால், பதினாறு நாளாகச் சொட்டுச் சொட்டாக ஊற்றியது மருந்தே அல்ல, வெறும் தண்ணீர்.

இன்னொரு சிலைடு மிச்சம் இருந்தது. பூஞ்சை என்றால் நூலுக்குள் உட்கரு இருக்கவேண்டும். கல்லூரியில் கடைசி வருஷச் செய்முறை வகுப்பில் கற்றுக்கொண்ட ஒரு வழி இருந்தது: சிலைடை அறுபது டிகிரி சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பத்து நிமிஷம் வைத்துக் கழுவிவிட்டு, பிறகு ஜீம்சா சாயம். ஜீம்சா ஆய்வகத்தில் எப்போதும் இருக்கும், மலேரியா பார்ப்பதற்காக.

"மலேரியா சாயத்தக் கண்ணுக்குப் போடுறாளாம்," என்று ஈயடிச்சான் குளிர்பெட்டியிடம் சொன்னார், கேட்க வேறு ஆள் இல்லாததால்.

அரை மணி நேரம் கழித்துச் சிலைடைக் கழுவிக் காயவைத்துப் பார்த்தாள். நூல்கள் கிளை பிரிந்து ஓடின. குறுக்கே தடுப்புச் சுவர்கள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஊதாப் புள்ளிகள், ஓர் அறையில் இரண்டு, அடுத்ததில் மூன்று, ஓரம் மழுங்காமல், உருண்டையாக. பக்கத்திலேயே அந்த அம்மாவின் சொந்தச் செல்கள்: கருவிழித் தோலின் தட்டையான செல் ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட உட்கரு; சீழ் செல்களில் இரண்டு மூன்று மடலாகப் பிதுங்கிய உட்கரு. ஒரு மூலையில் நிஜமாகவே ஒரு பஞ்சு நூலும் கிடந்தது. ஈயடிச்சான் சொன்னது சரிதான், கட்டிலிருந்து உதிர்ந்தது. பட்டை நாடா முறுக்கிக் கிடக்கிற மாதிரி அகலமாக, உள்ளே எதுவுமில்லாமல். அதுவும் ஒரு காலத்தில் செல்தான். செடியில் இருந்தவரை அதற்கும் உட்கரு இருந்தது. காய்ந்து, வெளுத்து, இப்போது வெறும் சுவர்.

அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டில் மனுஷி இருந்தாள், செடி இருந்தது, பூஞ்சை இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். எதைக் கொல்லப் பதினாறு நாளாக மருந்து ஊற்றினார்களோ அது.

"சார். இப்பப் பாருங்க."

பார்த்தார். "புள்ளி."

"உட்கரு."

"சாயம் திட்டுத் திட்டாப் பிடிக்கும்."

"வலது பக்கம் ஓரத்துல பஞ்சு இருக்கு. அதுல ஒரு திட்டாவது இருக்கா? பஞ்சுக்கு உட்கரு கிடையாது சார்."

ஈயடிச்சான் நுண்ணோக்கியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குமிழைத் திருகினார், சிலைடை நகர்த்தினார், மறுபடியும் திருகினார். பத்தொன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார் போலிருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"முதல் ரிப்போர்ட் யாரு எழுதினா?"

"நீங்கதான் எழுதியிருப்பீங்க."

"பதிவேட்ட எடு."

வேகமாகத்தான் எடுத்தாள். அவர் கையெழுத்தை அவர் மூக்குக்கு முன்னால் விரித்துக் காட்டுகிற சுகம் அவளுக்கு வேண்டியிருந்தது. பதினோராம் நாள் மாதிரி: பாக்டீரியா உண்டு. ஈயடிச்சான் கையெழுத்து. ஏழாம் நாள்: பாக்டீரியா உண்டு. ஈயடிச்சான். மூன்றாம் நாள்: பாக்டீரியா இல்லை. சீழ் செல்கள். பஞ்சு நூல். சாய்வில்லாத, இடைவெளி சீரான, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து. அவளுடையது.

பழைய சிலைடுகளை ஒரு மாதம் பெட்டியில் வைத்திருப்பார்கள். மூன்றாம் நாள் சிலைடைத் தேடி எடுத்துப் பார்த்தாள். நூல்கள் இருந்தன. உற்றுப் பார்த்தால் குறுக்குச் சுவர்கள் தெரிந்தன. கிளை பிரிந்ததும் தெரிந்தது. பஞ்சு எங்காவது கிளை பிரியுமா?

அன்று ஐம்பத்திரண்டு மாதிரிகள் இருந்தன என்று ஒரு சமாதானம் உள்ளே எழுந்து நின்றது. அதை அவள் அப்படியே உட்கார வைத்தாள். ஈயடிச்சானாவது சீட்டைப் பார்த்துக் காப்பி அடித்தார். இவள் நூலைக் கண்ணால் கண்டு, சாயத்தோடு கண்டு, கண்டதற்கு வேறு பெயர் எழுதியிருந்தாள். பார்க்காதவனைப் பற்றி இத்தனை மாதம் மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டிருந்தவள், பார்த்துவிட்டுப் பார்க்காதவளாக இருந்திருக்கிறாள். துப்பியதெல்லாம் தன் மேலேயே வந்து விழுந்த மாதிரி இருந்தது.

"இங்க பாரு," என்றார் ஈயடிச்சான், அதுவரை அவள் கேட்டிராத இதமான குரலில். "இந்தச் சிலைட உடைச்சுப் போடு. பாக்டீரியான்னு நானே எழுதிக்கிறேன். நீ கையெழுத்துகூடப் போட வேணாம். வியாழக்கிழமை கண்ண எடுத்துருவாங்க. எடுத்த கண்ண யாரும் திருப்பி வச்சுப் பாக்கப் போறதில்ல. மாசக் கடைசியில உன் பேப்பர் வந்துரும்."

அதில் துளி வஞ்சகம் இல்லை. ஒரு சின்னப்பெண்ணுக்கு நல்லது செய்கிற திருப்தி அவர் முகத்தில் நிறைந்திருந்தது. அதுதான் குமட்டியது.

"டீ வந்துருச்சு சார். நீங்களே போய் எடுத்துக்குங்க," என்றாள்.

மதியம் அம்மா போன் செய்தாள், வழக்கமாகச் சாப்பிட்டாயா என்று கேட்க. இவள் மாடிப்படியில் நின்று விஷயத்தைச் சொன்னாள். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்படிக் கேட்டால் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"நீயா குத்தின அந்தம்மா கண்ண?"

"நான் குத்தல. ஆனா நான்தான் பாத்தும் சொல்லல."

"இப்பப் போய்ச் சொன்னா வேலை?"

"தெரியல."

"உங்கப்பாகிட்டச் சொல்லவா?"

"வேணாம். எவனோட சட்டையையாவது கருக்கிடுவாரு."

"பேசுற பேச்சப் பாரு," என்று அம்மா வைத்துவிட்டாள். போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

பெரிய டாக்டர் மூன்று மணிவரை ரவுண்ட்ஸில் இருப்பார் என்றார்கள். பதிவேட்டைக் கக்கத்திலும் சிலைடுகளைப் பெட்டியிலும் வைத்துக்கொண்டு கண் வார்டு ஓரத்தில் நின்றாள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது கண்ணில் கட்டோடு, இடது கண்ணால் வெளியே இருந்த வேலிச் செடியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு வெட்டினது இத? எலி கடிச்சாக்கூட ஒரு ஒழுங்கு இருக்கும்." பிறகு இவளைப் பார்த்து, "நீ யாரு, ஊசியா ரத்தமா?"

"லேபு."

"அப்ப ரத்தம்."

"இல்லம்மா. உங்க கண்ணுல இருக்கிறது என்னன்னு பாக்குறவ."

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன். பூஞ்சை."

"ரொட்டில பச்சையாப் பூக்குமே, அதுவா?"

"அந்த வகையறாதான். தெறிச்ச குச்சியிலேர்ந்து உள்ள போயிருக்கு."

செடிக்காரம்மா தலையை ஆட்டினாள். "இருபத்தெட்டு வருஷமா வெட்டுறேன். ஏதோ ஒண்ணு திருப்பிக் குடுத்துருச்சு. சரி, இவங்க ஊத்துற மருந்து?"

"அது வேற கிருமிக்கு. இது அதுக்குச் சாகாது."

"ஏன், இது என்ன அவ்வளவு பெரிய ஆளா?"

"நம்ம செல்லு எப்படிக் கட்டியிருக்கோ, இதுவும் அப்படியே. கிட்டத்தட்டப் பங்காளி. அந்த மருந்துக்கு உங்களையும் அதையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாது."

"பங்காளின்னு முதல்லயே சொல்றதில்லையா. எதிரின்னா ஒரு நாள் போயிருவான். பங்காளிதான உள்ள பூந்து உக்காந்துக்குவான்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "வேற மருந்து ஊத்தினா, எடுக்க வேண்டியதில்லையா?"

"கண்ணு நிக்கலாம். பார்வை எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது."

"நிக்கட்டும் முதல்ல. என் மருமக இப்பவே கறுப்புக் கண்ணாடி வாங்கி வச்சுட்டா. மூணு கடை ஏறி இறங்கினாளாம். அத்தை மேல அவ்வளவு அக்கறை." இடது கண் பதிவேட்டின் மேல் நின்றது. "அது என்ன நோட்டு?"

"லேபு நோட்டும்மா," என்றாள். பெரிய டாக்டர் அறைக் கதவு திறந்தது. போய்விட்டாள்.

பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். மேசையில் கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் கண் ஒன்று. அவர் அறையில் எப்போதும் திறந்திருக்கிற ஒரே கண் அதுதான். திரும்பாமலே சொன்னார்:

"லேபா? ரிப்போர்ட்ட வச்சுட்டுப் போம்மா."

"வச்சுட்டுப் போனா நீங்க பாக்கமாட்டீங்க டாக்டர்."

திரும்பினார். ஏதோ நாற்காலி பேசியதுபோலப் பார்த்தார். அவள் காத்திருக்கவில்லை. மூலையில் உறை போட்டு வைத்திருந்த நுண்ணோக்கியின் உறையை உருவினாள். லென்ஸில் அப்பியிருந்த தூசியைத் துடைத்து, சிலைடை வைத்து, விளக்கைப் போட்டு, நகர்ந்துகொண்டாள். அவர் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தார்.

"பஞ்சு," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே பத்தொன்பது வருஷ சர்வீஸ், மேலே வெளிநாட்டுப் படிப்பு. வாய் மட்டும் ஒன்று.

"பஞ்சு இது டாக்டர்," என்று சிலைடை ஓரத்துக்கு நகர்த்தினாள். "வெறும் கூடு. இப்ப இதப் பாருங்க. குறுக்குச் சுவர் இருக்கு, அறைக்கு அறை உட்கரு இருக்கு. பஞ்சுக்கு உட்கரு இருக்காது. பாக்டீரியாவுக்கும் இருக்காது."

அவர் படித்தவர், அதை அவளால் மறுக்க முடியாது. கண் எடுக்காமல் நெடுநேரம் பார்த்தார். தெரிந்துவிட்டது என்பது அவர் பிடரியில் தெரிந்தது. நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, "எனக்கு முதல்லேர்ந்தே இப்படி ஒரு சந்தேகம் இருந்துச்சு," என்றார்.

"சீட்டுல எழுதலையே டாக்டர்."

"நீ எந்தக் காலேஜ்?"

சொன்னாள்.

"ஓ," என்றார். அந்த ஒற்றை எழுத்தில் காலேஜ் கட்டடம், அதன் தெரு, அவள் அப்பாவின் இஸ்திரிப் பெட்டி எல்லாம் அடங்கிவிட்டன. "மூணு தடவ லேபுக்கு அனுப்பினேன். உங்க லேபு என்ன சொல்லுச்சு? பதிவேடு எங்க?"

கேட்டு முடிக்கும் முன்பே அவர் விரல் நீண்டிருந்தது. அவள் பதிவேட்டை மேசையில் வைத்து, அவர் தேடவேண்டிய சிரமம் இல்லாமல் பக்கத்தைத் தானே திருப்பினாள்.

"மூணாம் நாள். இது என் கையெழுத்து. பூஞ்சையப் பஞ்சுன்னு எழுதினது நான். பழைய சிலைடும் கொண்டாந்திருக்கேன். அடுத்த ரெண்டும் வேற ஆள், பாக்காம எழுதினது. நான் பாத்துட்டுத் தப்பா எழுதினேன்."

பெரிய டாக்டரின் முகம் தெளிந்தது. மழை விட்ட மாதிரி. அவருக்குத் தேவைப்பட்டது ஓர் ஆள். அந்த ஆளே கையெழுத்தோடு நடந்து வந்து நின்றால் எவ்வளவு சௌகரியம். உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி, வியாழக்கிழமை அகற்றத்தை ஒரு கோட்டால் அடித்தார். பழைய மருந்துகளை அடித்தார். பூஞ்சைக்கான சொட்டு, மணிக்கு ஒரு முறை, இரவும் பகலும் என்று எழுதினார். அதன் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில்: ஆய்வகத்தின் தவறான அறிக்கையால் சிகிச்சை தாமதம்.

"போகலாம்," என்றார்.

போனாள். அழுகை வரவில்லை. அந்த ஆளுக்கு முன்னால் வந்திருந்தால் செத்திருப்பாள்.

அவளுடைய கோப்பு வெள்ளிக்கிழமையே கீழே இறங்கி வந்துவிட்டது. ஏறுவதற்கு எட்டு மாதம் எடுத்துக்கொண்ட கோப்பு. 'ஒரு வருடம் கழித்துப் பரிசீலிக்கலாம்.' ஈயடிச்சான் அதைப் படித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்," என்று நாள் முழுக்க வருத்தப்பட்டார். அவர் வரையில் ஒரு மாற்றம் வந்தது. இப்போதெல்லாம் எந்தக் கண் மாதிரி வந்தாலும் 'பஞ்சு நூல் அல்லது பூஞ்சை' என்று எழுதுகிறார். எதற்கும் இருக்கட்டும் என்று. அதையும் நுண்ணோக்கியைப் பார்க்காமல்தான் எழுதுகிறார்.

முதல் வாரம் புண் அசையவில்லை. தினமும் வேலை முடிந்து கிளம்பும்போது வார்டு நர்ஸிடம் கேட்பாள். "அப்படியேதான்க்கா," என்று பதில் வரும். கட்டில் பக்கம் போகமாட்டாள். எட்டாம் நாள் ஓரம் சுருங்கியிருக்கிறது என்றார்கள். மூன்றாவது வாரக் கடைசியில் புண் மூடிவிட்டது, வெள்ளையாகத் தழும்பு நிற்கிறது, கண்ணை எடுக்க வேண்டியதில்லை, நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று நர்ஸ் சொன்னாள். "அந்தம்மா உங்கள வரச் சொல்லுச்சு," என்றும் சொன்னாள்.

செடிக்காரம்மா துணிமூட்டையைக் கட்டிலில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டு இல்லை. வலது கருவிழியில் பால் தெளித்த மாதிரி ஒரு திட்டு.

"பெரிய டாக்டர் சொன்னாரு. லேபுல ஒரு பொண்ணு ஆரம்பத்துலயே தப்பா எழுதிட்டாளாம். அதுலதான் ரெண்டு வாரம் போச்சாம். யாரு அது?"

"நான்தான்."

"தெரியும். பேர் சொல்லலன்னாலும் ஆளச் சொன்னாரு." முடிச்சை இறுக்கினாள். "அன்னிக்கு இங்க நின்னு அவ்வளவு நேரம் பேசின. பங்காளி அது இதுன்னு. இதச் சொல்லல."

"சொல்ல வரல."

"அந்தாளுகிட்டப் போய்ச் சொல்ல வந்துச்சு. எங்கிட்ட வரல."

பெரிய டாக்டர் முன்னால் நிமிர்ந்து நின்றதைப் பற்றி இந்த மூன்று வாரமாக உள்ளுக்குள் ஒரு பெருமை ஓடிக்கொண்டிருந்தது. அது எவ்வளவு மலிவான சரக்கு என்று இப்போது தெரிந்தது. அங்கே சண்டை போட ஓர் ஆள் இருந்தார். இங்கே கண் மட்டும்தான் இருந்தது.

செடிக்காரம்மா இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "விரலக் காட்டு."

இரண்டு விரல்களைக் காட்டினாள்.

"மூணு."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். வீட்டுக்குப் போகிற மனுஷி, சந்தோஷமாகப் போகட்டும்.

"ரெண்டும்மா," என்றாள்.

"ரெண்டுதான். எனக்கே தெரியுது. நீ பாத்தத பாத்தபடி சொல்றியான்னு பாத்தேன்." உள்ளங்கையை எடுக்கவில்லை. "தள்ளிப் போ. ஒரு எட்டு. இப்பக் காட்டு."

நான்கு விரல்களைக் காட்டினாள்.

செடிக்காரம்மா கழுத்தை முன்னால் நீட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள்.

"கை தெரியுது. விரல் தெரியல," என்றாள். பிறகு உள்ளங்கையை எடுத்துவிட்டு, மூட்டையை ஓரமாகத் தள்ளி வைத்துக் கட்டிலில் சாய்ந்தாள். "மருந்து விடுற நேரமாச்சு. போய் அந்த நர்ஸப் பொண்ண வரச் சொல்லு. நீ விட வேணாம்."

அவள் நர்ஸைத் தேடிப் போனாள்.